சவக்கிடங்கிலிருந்து ஜிம்முக்கு

'அயர்லாந்து ராட்சதன்' என்று லண்டனில் காசுக்குக் காட்டப்பட்ட சார்லஸ் பைரனின் உயரம் ஏழரை அடிக்கும் மேல். 1783இல், 22 வயதில் இறந்தார். பிணத்தை டாக்டர்கள் அறுத்துவிடுவார்கள் என்ற பயத்தில், கடலில் போடும்படி சொல்லிவைத்திருந்தார். ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் பணத்தைக் கொட்டி உடலைக் கைப்பற்றிக்கொண்டார். எலும்புக்கூடு அருங்காட்சியகத்துக்குப் போனது. 1909இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அந்த மண்டையோட்டைத் திறக்கவைத்தார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பி உட்காரும் எலும்புக்குழி, இருக்கவேண்டியதைவிடப் பெரிதாகக் கிடந்தது.

சுரப்பியில் கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோன் மிதமிஞ்சினால் என்ன ஆகும் என்பது டாக்டர்களுக்கு அதற்கு முன்பே கண்கூடு. பாரிசில் பியர் மரி 1886இல் இந்நோய்க்கு அக்ரோமெகாலி என்று பெயர் சூட்டியிருந்தார். மோதிரம் விரலில் ஏறாது, செருப்பு அளவு கூடிக்கொண்டே போகும், தாடை முன்னே தள்ளும், நாக்கு தடிக்கும். உள்ளேயும் அதே கதைதான்: இதயச் சுவர் தடித்துப்போகும், கல்லீரலும் தைராய்டும் சிறுநீரகங்களும் பெருக்கும், இன்சுலினின் வேலை கெட்டுச் சர்க்கரை ஏறும். தசை? பார்க்கப் பெரிது. மாடிப்படி ஏறச் சொன்னால் நோயாளி சீக்கிரமே களைத்துவிடுவார்.

பிற்காலத்தில் வளர்ச்சி ஹார்மோனை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள் இந்தப் பாடத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஹார்மோன் மருந்தானது 1958இல். பாஸ்டனில் மாரிஸ் ரேபன், வளராமல் நின்றுபோன 17 வயதுப் பையனுக்கு இதைச் செலுத்தி உயரம் கூட்டினார். மாட்டு இன்சுலின் மனிதனுக்கு ஒத்துக்கொள்ளும். மாட்டு வளர்ச்சி ஹார்மோன் ஒத்துக்கொள்ளாது. ஆகவே இறந்த மனிதர்களின் சுரப்பிகளே கச்சாப்பொருள். பிரேதப் பரிசோதனை மேசைகளிலிருந்து அவற்றைத் திரட்டுவதற்கென்றே அமெரிக்காவில் தேசிய பிட்யூட்டரி முகமை உருவானது; பிரிட்டனிலும் பிரான்சிலும் இதேபோன்ற ஏற்பாடுகள். ஒரு குழந்தையின் ஓராண்டுச் சிகிச்சைக்குப் பல டஜன் சுரப்பிகள் வேண்டும் என்பதால் எப்போதும் தட்டுப்பாடு. அந்தத் தட்டுப்பாட்டிலும் 1980களின் தொடக்கத்தில் ஒரு பங்கு ஆணழகர்களின் கைக்குப் போய்ச்சேர்ந்தது. ஸ்டீராய்டு கைநூல்கள் அதைப் புகழ்ந்தன. பிணத்திலிருந்து எடுத்த சரக்கைத்தான் அவர்கள் தொடையில் குத்திக்கொண்டார்கள்.

1985இல் இடி விழுந்தது. சிறுவயதில் இந்த ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் மூளையை அரிக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோயால் இறப்பது அம்பலமானது. நோய்ப் புரதம் சுரப்பிகளோடு கலந்து வந்திருந்தது. உலகெங்கும் 200க்கு மேற்பட்டோர் இப்படி இறந்தனர். பாதிக்கு மேல் பிரான்சில். பழைய சரக்கு நிறுத்தப்பட்ட அதே ஆண்டில், பாக்டீரியாவில் தயாரித்த ஜெனன்டெக் நிறுவனத்தின் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. தட்டுப்பாடு தீர்ந்தது, கள்ளச் சந்தைக்கும் வசதியானது. 1989இல் ஒலிம்பிக் கமிட்டி தடை போட்டது.

1990இல் டேனியல் ரட்மனின் ஆய்வு வந்தது. அறுபதைத் தாண்டிய 12 ஆண்களுக்கு ஆறு மாதம் ஊசி போட்டதில் கொழுப்பு 14 சதவீதம் குறைந்தது, கொழுப்பில்லாத எடை 9 சதவீதம் போலக் கூடியது. இளமை திரும்புகிறது என்று கடைவிரிக்க வியாபாரிகளுக்கு அது போதும். வலிமை கூடியதா என்று ரட்மன் அளக்கவே இல்லை. 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் 52 முதியவர்களிடம் அளந்து பார்த்தார்கள்: கொழுப்பில்லாத எடை கூடியிருந்தது, வலிமை கூடவில்லை. ஹார்மோன் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்குகிறது, இணைப்புத் திசுவை வளர்க்கிறது. கூடிய எடையில் இவற்றுக்கும் நல்ல பங்குண்டு.

சிட்னியில் 96 பொழுதுபோக்கு விளையாட்டு வீரர்களை வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. எட்டு வாரம் ஊசி போட்டவர்களின் குறுவேகத் திறன் 4 சதவீதம் அளவுக்குக் கூடியது. தூக்கும் பலத்தில் மாற்றமில்லை. கூடவே வீக்கமும் மூட்டுவலியும். ஊசியை நிறுத்திய ஆறு வாரத்தில் அந்த 4 சதவீதமும் காணாமல் போனது.