காலையில் சாப்பிட்ட இட்லி, வடை எங்கே ஜீரணம் ஆகுது? வயிறுன்னு சொன்னா பாதிதான் சரி!

ஏப்பம் வந்துட்டா சாப்பாடு ஜீரணம் ஆயிடுச்சுன்னு பலரும் நினைக்கிறோம். ஆனால் ஏப்பம் என்பது பெரும்பாலும் சாப்பிடும்போது சேர்த்து விழுங்கிய காற்று வெளியே வருவதுதான். ஜீரண வேலை அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

2 இட்லி, ஒரு வடை, சாம்பார் சாப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். இட்லியில் மாவுச்சத்து அதிகம். வடையில் உளுந்தின் புரதமும் எண்ணெயின் கொழுப்பும் இருக்கு. சாம்பார் காய்கறியில் நார்ச்சத்து. இந்த நாலும் ஒரே இடத்தில் உடைவதில்லை.

வாய்: உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தை சர்க்கரையாக உடைக்கத் தொடங்கும். வெறும் சோற்றை ரொம்ப நேரம் மென்று பாருங்க, லேசா இனிக்கும். காரணம் இதுதான்.

இரைப்பை: சுமார் 25 செ.மீ. நீள உணவுக்குழாய் வழியாக சில நொடிகளில் உணவு இங்கே வந்துவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிருமிகளைக் கொல்லும். பெப்சின் நொதி வடையின் புரதத்தை உடைக்கத் தொடங்கும். கூழான உணவு கொஞ்சம் கொஞ்சமாக கீழே இறங்க, பொதுவாக 2 முதல் 4 மணி நேரம் ஆகும். எண்ணெய் அதிகமானால் இன்னும் தாமதமாகும். பூரி, வடை சாப்பிட்டா வயிறு ‘திம்’முன்னு இருப்பது அதனால்தான்.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது?
1822-ல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளி வயிற்றில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. அவருக்கு சிகிச்சை அளித்த ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட், உணவை பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டு, வெளியே எடுத்துப் பார்த்தார். இரைப்பை நீரை எடுத்து குப்பியில் ஊற்றினாலும் அது உணவைக் கரைத்தது. ஜீரணம் ஒரு வேதிவினை என்பதற்கு அது வலுவான ஆதாரமானது.

சிறுகுடல்: மெயின் வேலை இங்கேதான். சுமார் 6 மீட்டர் நீளம். கல்லீரலில் சுரக்கும் பித்தநீர், வடையின் எண்ணெயைச் சிறு துளிகளாக்கும். கணைய நீர் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கும். உடைந்த சத்துகளில் பெரும்பகுதியை உடம்பு இங்கேதான் உறிஞ்சிக்கொள்ளும்.

பெருங்குடல்: மிச்சமுள்ள தண்ணீர் உறிஞ்சப்படும். நம்மால் ஜீரணிக்க முடியாத நார்ச்சத்தில் ஒரு பகுதியை பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கும். வாயு உருவாவது அப்போதுதான். எல்லாம் முடிந்து கழிவு வெளியேற 1 முதல் 3 நாள் வரை ஆகலாம்.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?
மலத்தில் ரத்தம், தார் போல கறுப்பு மலம், விழுங்க சிரமம், காரணமில்லாத எடை குறைவு இருந்தால் தள்ளிப்போடாதீங்க.

நெஞ்சில் அழுத்தம், வியர்வை, கை அல்லது தாடைக்குப் பரவும் வலி வந்தால் ‘கேஸ்தான்’னு சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைங்க.