பிறப்பும் நடத்தையும்

பழவங்காடிப் பிள்ளையாரை வணங்கிப் பூஜப்புரை சென்றால், 1886-இல் அமைந்த மத்தியச் சிறையைக் காண்கிறோம். கைதிகளுள் நாளை எவன் கை ஓங்குவான்? சிறைகளின் பழைய வினா இது.

1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பைக் கொண்டே விடை கூறிற்று. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தனர்; 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். வன்முறையை முன்னறிவதாகக் கூறிய ஆட்சியே வன்முறை புரிந்தது!

1952-இல் அச்சட்டம் நாடெங்கும் நீங்கியது. 1962-இல் கேரளம் நெட்டுகால்தேரியில் திறந்தவெளிச் சிறை கண்டது. அங்கே நன்னடத்தையே நுழைவுச் சீட்டு. ஆயினும் சிறை விதிகளில் எஞ்சிய சாதிப் பாகுபாட்டை 2024-இல்தான் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது.

அயல் மாநிலத்தில் வாழும் நாமும் ஊர்ப்பெயரால் எடைபோடப்படுவதுண்டு. ஆதலின் நினைவிற்கொள்வோம்: பிறந்த குடியன்று, நடந்த நடையே சான்று.