நோட்டுஸ்வரம்: காஞ்சிக்கு வந்த ஆங்கில நாட்டு நடன மெட்டுகள்

நோட்டுஸ்வரம் என்பது ஐரோப்பிய மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் எழுதிய சிறு பாடல்களைக் குறிக்கும். ‘நோட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ‘ஸ்வரம்’ என்ற சொல்லும் சேர்ந்து உருவான பெயர். ஏறத்தாழ நாற்பது பாடல்கள் கிடைத்துள்ளன. பெரும்பாலானவற்றின் மூல மெட்டுகள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து பகுதிகளில் ஊர்க்கூட்டங்களில் ஆடப்பட்ட நடனங்களுக்கும் படைவீரர் நடைக்கும் உரியவை. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் மீது அமைந்த ‘காஞ்சீசம் ஏகாம்ரநாதம்’ இவற்றுள் ஒன்று. அதன் மூலத்தைச் சில பட்டியல்கள் ‘நாட்டு நடனம்’ என்றே குறிக்கின்றன.

நடனமும் அதன் மெட்டும்

ஆங்கில நாட்டு நடனம் மேடைக் கலை அல்ல. வந்தவர் எல்லாரும் ஆடுவது. 1651-இல் லண்டனில் ஜான் பிளேஃபோர்டு வெளியிட்ட நடன நூலில் பல நடனங்களுக்கு ஆட்கணக்கு கிடையாது. எத்தனை பேர் விரும்பினாலும் சேரலாம் என்றே குறிப்பு இருக்கும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என எதிரெதிரே நிற்பார்கள். முதல் இணை அடுத்த இணையுடன் சில அசைவுகளை ஆடி முடித்ததும் ஓர் இடம் கீழே இறங்கும். மெட்டு மறுபடி தொடங்கும். இப்போது வேறோர் இணையுடன் அதே அசைவுகள். இப்படியே வரிசை முழுவதும் நகரும். புதிதாக வந்தவர் முதல் சுற்றில் தடுமாறுவார், நான்காம் சுற்றில் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுப்பார்.

இந்த அமைப்புதான் மெட்டின் வடிவத்தையும் முடிவு செய்தது. எட்டுத் தாள அளவு கொண்ட ஒரு பகுதி, அதே அளவில் இன்னொரு பகுதி, ஒவ்வொன்றும் இருமுறை. அவ்வளவுதான். வரிசையில் எத்தனை இணைகள் நிற்கின்றனவோ அத்தனை முறை வயலின்காரர் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். கால் தானாக எழ வேண்டும், அடுத்த அசைவு எப்போது என்று காது சொல்ல வேண்டும். ஒருமுறை கேட்டவர் மறக்க முடியாதபடி மெட்டு இருந்தால்தான் நடனம் நடக்கும். நம் கும்மிப் பாட்டுக்கும் கோலாட்டப் பாட்டுக்கும் இதே தேவைதான். அங்கே வரிசை, இங்கே வட்டம்.

சென்னையில்

கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்த நடனங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தனர். இன்று அரசு அருங்காட்சியகம் இருக்கும் எழும்பூர் ‘பாந்தியன்’ வளாகம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயரின் பொதுக்கூடமாக இருந்தது. நாடகங்களும் நடன விருந்துகளும் அங்கே நடந்தன. பாந்தியன் சாலை என்ற பெயர் அதன் மிச்சம். கூடத்தில் ஆடியவர்கள் ஆங்கிலேயர்கள். யாரும் சேரலாம் என்ற நடனம் இங்கே ஒரு சிறு கூட்டத்தின் நடனமாகச் சுருங்கியது. ஆனால் இசையைச் சுவருக்குள் வைத்திருக்க முடியவில்லை. புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு வாத்தியக்காரர்களை நகரத்துச் செல்வந்தர்களும் அழைத்துக் கேட்டனர்.

அத்தகைய செல்வந்தர்களில் முக்கியமானவர்கள் மணலி முதலியார்கள். கம்பெனியாருக்குத் துபாஷியாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரும், அவருக்குப் பின் அவர் மகன் சின்னையா முதலியார் என்ற வேங்கடகிருஷ்ண முதலியாரும் இசை வல்லுநர்களை ஆதரித்தனர். திருவாரூரில் இருந்த ராமசாமி தீட்சிதரின் குடும்பம் இவர்களின் அழைப்பின்பேரில் மணலிக்கு வந்து தங்கியது. அவருடைய மூத்த மகன் முத்துசாமி, தம்பியர் சின்னசாமி, பாலுசாமி. கோட்டை பேண்டின் இசையை இவர்கள் கேட்டது சின்னையா முதலியார் வழியாகத்தான்.

பாலுசாமிக்கு அந்த இசையில் இருந்த ஈர்ப்பைக் கண்ட முதலியார், ஓர் ஐரோப்பியரை அமர்த்தி மூன்று ஆண்டுகள் வயலின் கற்க ஏற்பாடு செய்தார் என்று குடும்ப மரபு சொல்கிறது. இதன் விளைவு நோட்டுஸ்வரங்களைவிடப் பெரியது. நாட்டு நடனத்தின் முதன்மைக் கருவி வயலின்தான். அதையே பாலுசாமி கர்நாடக இசைக்குத் திருப்பினார். நின்றபடி தாடையில் அணைத்து வாசிக்கப்பட்ட கருவி, தரையில் அமர்ந்து மார்பிலும் வலது கணுக்காலிலும் தாங்கி வாசிக்கும் கருவியானது. தந்திகளின் சுருதி ச-ப-ச-ப என மாற்றப்பட்டது. விரல்கள் கமகத்துக்காக வழுக்கின. பின்னாளில் பாலுசாமி எட்டயபுரம் அரசவை வித்வானாக இருந்தார். இன்று பக்கவாத்தியமாக வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியைக் காண்பது அரிது.

காஞ்சியில்

முத்துசாமி தீட்சிதர் சிதம்பரநாத யோகியுடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் இருந்து திரும்பினார். திருத்தணியில் பாடத் தொடங்கிய அவர், பின்னர் காஞ்சிபுரம் வந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தங்கினார். அங்கே உபநிஷத் பிரம்மேந்திரரிடம் அத்வைதம் கற்றார். அவர் இயற்றிய ராம அஷ்டபதிக்கு இசையமைத்தார். அந்த இசை இன்று கிடைக்கவில்லை. பிரம்மேந்திரரின் மடம் காஞ்சியில் இன்றும் இருக்கிறது.

காஞ்சியும் ஐரோப்பிய இசைக்குப் புதிய ஊர் அல்ல. 1780-இல் ஹைதர் அலியுடனான போரில் ஹெக்டர் மன்றோவின் படை அங்கே முகாமிட்டது. சற்றுத் தொலைவில் உள்ள பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. படையோடு பறையும் குழலும் வந்திருக்கும். ஆனால் அது ஊரார் ரசித்துக் கேட்கும் சூழல் அல்ல.

காஞ்சித் தலங்கள் மீது தீட்சிதர் பாடியவற்றில் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. பஞ்சபூதத் தலக் கிருதிகளில் ஏகாம்பரநாதருக்குரிய ‘சிந்தய மாகந்த மூலகந்தம்’ பைரவி ராகத்தில் மெதுவாக விரிவது. காமாட்சி மீதான ‘கஞ்சதளாயதாட்சி’யும் கனமான உருப்படியே. அதே ஏகாம்பரநாதர் மீதான நோட்டுஸ்வரத்தில் கமகம் இல்லை, சங்கதி இல்லை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டும் இல்லை. ஐரோப்பிய மேஜர் ஸ்கேலுக்கு இணையான சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் நேராக வந்து போகின்றன. ஓட்ட நடையில் அமைந்த ஸ்காட்டிய ‘ரீல்’ மெட்டுகள் சதுஸ்ரத்திலும், துள்ளும் ‘ஜிக்’ மெட்டுகள் திஸ்ரத்திலும் பொருந்திக்கொண்டன. ஆனால் ‘குருகுஹ’ என்ற முத்திரையும், தலம், தெய்வம் பற்றிய சொற்களின் தேர்வும் பல பாடல்களில் தீட்சிதருடையவையாகவே உள்ளன.

இவற்றை அவர் எப்போது எழுதினார் என்பதில் இரு கருத்துகள் உண்டு. மணலியில் இளமையில் எழுதிய விளையாட்டுப் பயிற்சிகள் என்பது ஒன்று. பாடல்களில் மதுரை, காஞ்சி எனப் பல தலங்கள் வருவதால் வாழ்நாளில் வெவ்வேறு காலங்களில் எழுதியவை என்பது மற்றொன்று. இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. கேட்ட மெட்டு காதை விட்டுப் போகாமல் இருந்திருக்க வேண்டும். நடன மெட்டு அதற்காகவே செய்யப்பட்டது அல்லவா.

மூல மெட்டுகளுள் பல அடையாளம் காணப்பட்டுள்ளன. ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்தின் அரச வாழ்த்துப் பாடலின் மெட்டு. ‘வந்தே மீனாட்சி’க்கு மூலம் 1740-களில் அச்சேறிய ‘ரேக்ஸ் ஆஃப் மல்லோ’ என்ற அயர்லாந்து நடன மெட்டு. ‘ஜகதீச குருகுஹ’ ஸ்காட்லாந்தின் ‘லார்டு மக்டொனால்ட்ஸ் ரீல்’. குழந்தைகளுக்குப் பரிச்சயமான ‘சியாமளே மீனாட்சி’, இன்று விண்மீன் பற்றிய ஆங்கில மழலைப் பாடலாகப் பாடப்படும் பழைய பிரெஞ்சு மெட்டில் அமைந்தது.

ஏட்டிலும் அச்சிலும்

தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்தில் மறைந்தார். தெலுங்கு அகராதியால் புகழ்பெற்ற சி.பி. பிரவுன் 1830-களின் தொடக்கத்திலேயே இப்பாடல்களில் ஒரு பகுதியை எழுதிவைக்கச் செய்திருந்தார். 1893-இல் ஏ.எம். சின்னசாமி முதலியார் கர்நாடக உருப்படிகளை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் வெளியிட்டபோது பயணம் எதிர்த்திசையில் நடந்தது. பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார மகனுமான சுப்பராம தீட்சிதர், ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை 1904-இல் வெளியிட்டார். நோட்டுஸ்வரங்களை அடுத்த ஆண்டு வந்த ‘பிரதமாப்யாச புஸ்தகமு’ என்ற தொடக்க நிலைப் பயிற்சி நூலில் ஸ்வரக் குறிப்புடன் சேர்த்தார். அவர் கொடுத்த இடம் கவனிக்கத்தக்கது: இவை கச்சேரிக்கு அல்ல, கற்கத் தொடங்குபவருக்கு.

நீண்ட காலம் வித்வான்கள் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. தீட்சிதரின் பெருமைக்கு இவை குறைவு என்ற எண்ணமும் இருந்தது. அது சரியான அளவுகோல் அல்ல. சரளி வரிசையைக்கூட முடிக்காத ஏழு வயதுக் குழந்தை, வந்த முதல் மாதமே மற்றவர்களோடு சேர்ந்து பிழையின்றிப் பாடக்கூடிய தீட்சிதர் பாடல் வேறு எது? பைரவியில் அமைந்த ஏகாம்பரநாதர் கிருதிக்கு அந்தக் குழந்தை பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

‘இங்கிலீஷ் நோட்டு’ என்ற பெயரில் இதே ருசி வேறு வழிகளிலும் பரவியது. நாதஸ்வரக்காரர்கள் ஊர்வலங்களில் வாசித்தனர். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்த நோட்டை மதுரை மணி ஐயர் கச்சேரிகளில் பாடிப் புகழ்பெறச் செய்தார்.

அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் வாழும் இசையமைப்பாளர் கண்ணிக்ஸ் கண்ணிகேஸ்வரன் நோட்டுஸ்வரங்களை ஆராய்ந்து, குழந்தைகளின் சேர்ந்திசையாகவும் ஐரோப்பியக் கருவிகளுடனும் பதிவு செய்தார். இங்கிலாந்தில் வழக்கொழிந்துகொண்டிருந்த நாட்டு நடனத்தை 1911-இல் சங்கம் அமைத்து மீட்டவர் செசில் ஷார்ப். அதன் தொடர்ச்சியாக இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஊர்க்கூடங்களில் வயலினும் குழலும் நேரில் வாசிக்க நாட்டு நடனங்கள் இன்றும் ஆடப்படுகின்றன. நடனம் தெரியாதவர்களுக்காக ஒருவர் நின்று அசைவுகளை உரக்கச் சொல்வார். அங்கே ‘ரேக்ஸ் ஆஃப் மல்லோ’ ஒலித்தால், அதைக் கேட்கும் தமிழ்க் குழந்தையின் வாயில் வருவது மீனாட்சியின் பெயராக இருக்கும்.