குதிரை விலையும் குதிரை மதிப்பும்: சந்திரகிரி சொல்லும் கணக்கு

வெளிமாநிலத்தில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் இப்போது ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. கையில் நாலு காசு சேர்ந்த தம்பிமார்கள் ஊர்ப்பக்கம் தோட்டம் வாங்குகிறார்கள். தோட்டம் வாங்கினதும் அடுத்து ஒரு மார்வாரிக் குதிரை வாங்க வேண்டும் என்று ஆசை. காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனியோடு நுனி தொடுகிற அந்த ஜாதிக் குதிரைக்கு இன்று லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். "இவ்வளவு கொடுக்கலாமா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அடியேன் கல்லூரியில் சரித்திரம் படித்தவன் அல்ல. கடையில் உட்கார்ந்து கிடைத்த நேரத்தில் படித்தவன். ஆனால் இந்தக் கேள்விக்கு நம் சித்தூர், திருப்பதி மண்ணிலேயே ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பதில் இருக்கிறது. அதை இந்த மலரில் அன்பர்கள் முன் வைக்கிறேன்.

கடல் வழி வந்த செல்வம்

தமிழனுக்குக் குதிரை ஆதிகாலந்தொட்டு இறக்குமதிச் சரக்கு. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் வந்து இறங்கிய குதிரைகளைப் பற்றிப் பட்டினப்பாலை பேசுகிறது. மாணிக்கவாசகர் கதை எல்லோருக்கும் தெரியும். பாண்டியன் குதிரை வாங்கப் பொன் கொடுத்து அனுப்புகிறான். அமைச்சர் அந்தப் பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவு செய்துவிடுகிறார். நரி பரியான கதை அங்கே பிறக்கிறது. பக்திக் கதை என்றாலும் அதற்குள் ஒரு வியாபாரச் செய்தி ஒளிந்திருக்கிறது. குதிரைக்கென்று அரசன் கஜானாவைத் திறப்பான், அந்தப் பணம் ஓர் அமைச்சரை நம்பி அனுப்புகிற அளவுக்குப் பெரிய தொகை என்பதுதான் அது. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். ராவுத்தர் என்ற சொல்லே குதிரை வீரனைக் குறித்த சொல்தான்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்துக்கு ஆர்மஸ், கீஷ், ஏடன் பக்கத்திலிருந்து குதிரைகள் வந்து இறங்கின. பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப் எழுதியபடி, வருஷத்துக்கு 1,400 குதிரை கொண்டுவர ஒப்பந்தம். ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார். வழியில் செத்துப்போன குதிரைக்கும் அரசன் பணம் கொடுத்துவிட வேண்டும் என்பது ஷரத்து.

அதே காலத்தில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ சொல்வது இன்னும் வேதனை. பாண்டிய அரசர்கள் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்குகிறார்கள், வருஷ முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை என்கிறார். சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் கொடுத்தார்களாம். லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆள் இங்கே இல்லை. அப்படிப்பட்ட ஆட்களை இங்கே வரவிடாமல் பார்த்துக்கொண்டவர்களும் குதிரை வியாபாரிகள்தாம் என்றும் எழுதுகிறார். குதிரை செத்தால்தானே மறு வருஷம் விற்பனை? நானும் வியாபாரிதான். லாபம் தவறில்லை. ஆனால் ஓர் உயிர் சாவதிலிருந்து லாபம் வருமானால் அதற்கு வேறு பெயர்.

சந்திரகிரியிலிருந்து போன அரசன்

இனி நம் ஊருக்கு வருவோம். திருப்பதியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் சந்திரகிரிக் கோட்டை. இன்று அங்கே ராஜமகாலில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் இந்தக் கோட்டையை ஆண்டவன் சாளுவ நரசிம்மன். திருமலைக் கோயிலுக்கு அவன் செய்த கொடைகளைக் கல்வெட்டுகள் விரிவாகச் சொல்கின்றன. 1485இல் விஜயநகர சிம்மாசனத்தையே கைப்பற்றினான்.

அவன் பட்டத்துக்கு வந்த சமயத்தில் ராஜ்யத்தின் பெரிய குறை குதிரைப் பஞ்சம். 1469இல் பட்கல் துறைமுகத்தில் குதிரை வியாபாரம் செய்த முஸ்லிம்கள் பலர் கொல்லப்பட்டார்கள். பாமினி சுல்தானுக்குக் குதிரை விற்றார்கள் என்பது அவர்கள் மேல் சொல்லப்பட்ட குற்றம். தப்பிப் பிழைத்தவர்கள் கோவாவுக்குப் போய்விட்டார்கள். 1472இல் அந்தக் கோவாவும் பாமினியர் கைக்குப் போனது. ஒரு கோபத்தினால் வந்த நஷ்டம் எவ்வளவு என்று பாருங்கள்.

நரசிம்மன் அதைச் சரிசெய்த விதத்தை ஃபெர்னாவ் நூனிஸ் என்ற போர்த்துகீசியர் எழுதி வைத்திருக்கிறார். 1535ஐ ஒட்டி விஜயநகரத்தில் இருந்த அவரே ஒரு குதிரை வியாபாரி என்பது குறிப்பிடத்தக்கது. அவருடைய குறிப்புகளை ராபர்ட் சிவெல் 1900இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். வியாபாரிகள் கேட்ட விலையை நரசிம்மன் கொடுத்தானாம். மூன்று குதிரை ஆயிரம் பர்தாவ். உயிரோடிருந்தாலும் செத்தாலும் அதே விலை. கடலில் செத்ததற்கு அடையாளமாக வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலையும் எண்ணிக் கொடுத்துவிடுவான்.

பர்தாவ் என்று அவர்கள் சொன்னது நம் வராகன். ஒரு வராகன் சுமார் 3.4 கிராம். ஆயிரத்தை மூன்றால் வகுத்தால் ஒரு குதிரைக்கு 333 வராகன். எடையில் 1,130 கிராம் பக்கம். நம் வீட்டுப் பெண்களுக்குப் புரிகிற கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 140 சவரன். ஒரு வாலுக்கு 140 சவரன்!

அந்த விலை தகுமா?

அரசன் கண்ணால் பார்த்தால் தகும். தான் வாங்காத குதிரை எதிரியின் லாயத்துக்குப் போகும். கிருஷ்ணதேவராயர் தம் ஆமுக்தமால்யதாவில் இதே ராஜநீதியைச் சொல்கிறார்: தூரதேசத்திலிருந்து யானை, குதிரை கொண்டுவரும் வணிகர்களுக்கு நல்ல லாபம் கொடுத்து நம் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் அவை பகைவனுக்குப் போகாது என்கிறார். ஆகவே அன்றைய விலையில் பாதிதான் குதிரைக்கு. மீதி எதிரிக்குக் கிடைக்காமல் செய்ததற்கு என்று சொல்லலாம்.

ஆனால் அந்தப் பணம் யார் மடியிலிருந்து போனது? நூனிஸே அதையும் சொல்லியிருக்கிறார். ராயர் வருஷத்துக்கு 13,000 குதிரை வாங்குவார். நல்ல ஜாதியைத் தம் லாயத்துக்கு எடுத்துக்கொண்டு, மீதியான நாட்டுக் குதிரைகளை ஐந்து ஆயிரம் பர்தாவ் என்று தம் நாயக்கர்கள் தலையில் கட்டுவார். செப்டம்பர் மாதத்துக்குள் அவர்கள் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் போர்த்துகீசியருக்கு விலை தீர்ந்துவிடும். கஜானாவிலிருந்து ஒரு காசும் போகாது. நாயக்கருக்குப் பணம் ஏது? குடியானவன் கொடுத்த வரிதான். கோவாவில் இறங்கிய அரபுக் குதிரைக்கு, ஏரிக்கரையில் கேழ்வரகு விதைத்தவன் விலை கொடுத்தான். அவன் அந்தக் குதிரை மேல் ஏறியதும் இல்லை, தொட்டதும் இல்லை.

அத்தனை குதிரை இருந்தும் 1565 தலைக்கோட்டைப் போரில் ராஜ்யம் சிதைந்தது. தலைநகரம் பெனுகொண்டாவுக்கு நகர்ந்து, பிறகு குதிரை விலை கொடுத்த நரசிம்மனின் சந்திரகிரிக்கே வந்து சேர்ந்தது.

எனக்கு இதில் பெரிய வருத்தம் வேறு. காயல் காலத்திலிருந்து ராயர் காலம் வரை இரண்டரை நூற்றாண்டு வாங்கிக்கொண்டே இருந்தார்கள். தரமான குதிரையை இங்கேயே பிறக்க வைத்து வளர்க்கும் வித்தை வேரூன்றவில்லை. இந்த மண்ணில் நல்ல குட்டி பிறக்காது என்று மார்க்கோ போலோ எழுதியதைப் பலர் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். அது சரியென்றால் பின்னால் திப்பு சுல்தான் காலத்தில் தும்கூர் பக்கத்துக் குனிகல்லில் குதிரைப் பண்ணை எப்படி ஏற்பட்டது? அதே பண்ணையில் பின்னாளில் பந்தயக் குதிரைகள் எப்படிப் பிறந்தன? மண்ணின் மேல் குற்றமில்லை. பராமரிப்பு அறிவுக்குக் கொடுக்காத பணத்தைச் செத்த குதிரைக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

மார்வாரிக்கு வருவோம்

மார்வாரிக் குதிரை ராஜஸ்தானத்து ரத்தோர் ராஜபுத்திரர்கள் போற்றி வளர்த்தது. வெயில், வறட்சி தாங்கும். கடல் கடந்து வந்த அரபுக் குதிரையைப் போல அல்ல, இந்த நாட்டுப் பிராணி. 1947க்குப் பிறகு ஜமீன்களும் ஜாகீர்களும் போனபோது அதை வளர்க்க ஆள் இல்லாமல் போயிற்று. பல குதிரைகள் பாரம் சுமக்கப் போயின, பல அழிந்தன. ஜோத்பூர் அரச குடும்பமும் சில ஆர்வலர்களும் பிடிவாதமாக வளர்த்ததால் இனம் பிழைத்தது. இந்தியாவில் குதிரை, மட்டக்குதிரைகளின் மொத்த எண்ணிக்கை 2012 கணக்கில் 6 லட்சத்துக்கு மேல். 2019இல் சுமார் 3.4 லட்சம். பாதிக்குப் பாதி குறைந்துபோன காலத்தில் ஒரு நாட்டு இனத்துக்கு விலை ஏறுவது ஒருவகையில் நல்ல செய்திதான். விலை இருந்தால்தான் வளர்ப்பவன் வளர்ப்பான்.

நம் சித்தூர் ஜில்லாவிலேயே இதற்கு உதாரணம் உண்டு. புங்கனூர்க் குட்டைப் பசு. மூன்றடி உயரம்தான்; பால் கொஞ்சம், கொழுப்பு அதிகம். அழிந்துபோகிற நிலையில் இருந்ததைப் பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் காப்பாற்றி வைத்தது. 2024 பொங்கல் சமயத்தில் பிரதமர் வீட்டில் அந்தப் பசுக்கள் நிற்கும் படம் வந்தது. நாடெங்கும் கேட்க ஆரம்பித்தார்கள், விலை லட்சங்களில் ஏறியது. கூடவே, குள்ளமாக இருக்கிற கலப்புக் கன்றையெல்லாம் புங்கனூர் என்று சொல்லி விற்பவர்களும் வந்துவிட்டார்கள். விலை இனத்தைக் காப்பாற்றவும் செய்யும், கெடுக்கவும் செய்யும்.

ஆகவே வாங்க நினைக்கும் தம்பிமார்களுக்கு ஒரு வியாபாரியின் யோசனை. சுழி சுத்தம், நிறம், காது வளைவு இதற்கு மட்டும் விலை கூட்டிக் கேட்டால் நிதானியுங்கள். இனப் பதிவுச் சீட்டு இருக்கிறதா, தாய் தகப்பன் எது என்று கேளுங்கள். கிளாண்டர்ஸ் தொற்றுநோய்க்கு ரத்தப் பரிசோதனை ஆச்சா என்று பாருங்கள். அதற்கும் முந்தின கேள்வி, உங்கள் ஊரில் லாடம் கட்ட ஆள் உண்டா, குதிரை வைத்தியம் தெரிந்த டாக்டர் உண்டா, அது ஓடியாட இடம் உண்டா? வாங்குவது ஒரு நாள் செலவு. குதிரை இருபது, இருபத்தைந்து வருஷம் வாழும். கல்யாண ஊர்வலத்தில் வாடகைக்கு விட்டுப் பணத்தை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், வெடிச் சத்தத்துக்கு நடுவே அது நிற்கும் நிலையை ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்க்கட்டும்.

சமண நூல்கள் இல்லறத்தாருக்குச் சொன்ன கொல்லாமை விரதத்தில் ஐந்து குற்றங்களை விலக்கச் சொல்கின்றன: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் நிறுத்துதல். தத்துவார்த்த சூத்திரத்தில் இருக்கிறது இது. கொன்றால்தான் பாவம் என்று அங்கே சொல்லவில்லை. பிராணி வைத்திருக்கிற எல்லோருக்கும், எந்த மதத்தாரானாலும், இதைவிடச் சுருக்கமான கையேடு எனக்குத் தெரிந்து இல்லை.

என் முடிவு இது. இந்த ஐந்தும் இல்லாமல் கடைசிவரை வைத்துக் காப்பாற்ற முடிகிறவனுக்கு மார்வாரிக் குதிரை சொன்ன விலைக்குத் தகும். ஒரு நாட்டு இனத்தைக் காப்பாற்றிய புண்ணியமும் சேரும். முடியாதவனுக்கு அது இனாமாக வந்தாலும் நஷ்டம். திருமலை பிரம்மோற்சவத்தில் எட்டாம் நாள் இரவு சுவாமி அஸ்வ வாகனத்தில் வருவதையும், மதுரையில் அழகர் தங்கக் குதிரையில் வருவதையும் கைகூப்பிப் பார்க்கிற சமூகம் நாம். அந்த மரியாதையில் கொஞ்சம் லாயத்துக்குள்ளேயும் போகட்டும்.