பத்தை பிடித்த பள்ளத்தாக்கு

சென்ற யூன் மாதம் நான்கு குடும்பங்கள் இரண்டு வான்களில் சன் ஹோசேயிலிருந்து யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் புறப்பட்டோம். பின் இருக்கைகளில் பிள்ளைகள், முன்னால் கட்டுச்சோற்றை மடியில் வைத்தபடி என் அம்மா. வாவோனா சுரங்கப்பாதையின் வாசலில் இறங்கினோம். இடப்பக்கம் எல் கேப்பிட்டன் பாறை, வலப்பக்கம் அருவி, நடுவே தூரத்தில் ஹாஃப் டோம். கீழே முழுவதும் ஊசியிலை மரங்கள்.

"மனிசர் கை படாத இடம்" என்றார் நண்பர் ஒருவர்.

என் மகள் உடனே கேட்டாள்: "அப்ப இதுக்கு ஆர் பேர் வைச்சது?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்று மாலை பூங்காவின் கடையில் இரண்டு புத்தகங்கள் வாங்கி, விடுதியில் இருந்து நள்ளிரவு தாண்டியும் வாசித்தேன்.

அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த மக்கள் அதை 'அவானி' என்றார்கள். அகலத் திறந்த வாய் என்று பொருள். அதனால் அவர்கள் அவானிச்சி. 'யோசெமிட்டி' என்பதோ அயலவர்கள் அந்த மக்களுக்கு வைத்த பெயர். 'கொல்பவர்கள்' என்று பொருள். 1848 இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. மலையடிவாரமெங்கும் சுரங்கக்காரர் வந்து குவிந்தார்கள், மோதல்கள் தொடங்கின. 1851 இன் தொடக்கத்தில் மாநில ஆளுநரின் உத்தரவுடன் 'மரிப்போசா பட்டாளம்' என்ற தொண்டர் படை திரட்டப்பட்டது. மார்ச் மாத இறுதியில் அது பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது. வீடுகளை எரித்தது. மாரிகாலத்துக்கென்று சேமித்து வைத்திருந்த ஓக் கொட்டைகளையும் எரித்தது. அந்தக் கொட்டையை இடித்து மாவாக்கி, நீர் விட்டுக் கசப்பை நீக்கிச் சமைப்பதே அவர்களின் பிரதான உணவு. அதை எரிப்பது நெற்குதிரை எரிப்பதற்குச் சமம்.

மே மாதம் படை திரும்பவும் வந்தது. தலைவர் தெனாயாவின் இளைய மகன் சுட்டுக் கொல்லப்பட்டான். எஞ்சியவர்களை மலைமேல் துரத்திச் சென்று, ஓர் ஏரிக்கரையில் பிடித்தார்கள். படையோடு போன லஃபாயெட் பனல், பின்னர் 1880 இல் வெளிவந்த தன் நூலில் அந்த இடத்தை விவரிக்கிறார். ஏரிக்குத் தெனாயாவின் பெயரையே வைக்கப் போவதாக அவரிடமே சொன்னாராம். அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது, 'பைவியாக்' என்று தெனாயா பதில் சொன்னார். மினுங்கும் பாறைகளின் இடம் என்று பொருள். அவருடைய மக்களை இங்கேதான் பிடித்தோம், அவர்கள் இனி இங்கே வாழத் திரும்பப் போவதில்லை, அதனால்தான் இந்தப் பெயர் என்று பனல் விளக்கியிருக்கிறார்.

பத்து ஆண்டுகளின் பின், 1861 இல், கார்ல்டன் வாட்கின்ஸ் பெரிய கண்ணாடித் தகடுகளில் பள்ளத்தாக்கைப் படம் பிடித்தார். பாறை, நீர், மரம். ஆட்கள் இல்லாத அழகு. அந்தப் படங்கள் கிழக்குக் கரையில் பலரைக் கவர்ந்தன. 1864 யூன் 30 ஆம் திகதி, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் பயன்பாட்டுக்கென மாநிலத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தில் லிங்கன் கையொப்பமிட்டார். 1890 இல் சுற்றியுள்ள மலைநாடு தேசியப் பூங்கா ஆனது. 'பொதுமக்கள்' என்ற சொல்லுக்குள் அவானிச்சிகள் அடங்கவில்லை. திரும்பி வந்த சிலர் விடுதிகளில் துணி துவைத்தும் கூடை முடைந்து விற்றும் பிழைத்தார்கள். பள்ளத்தாக்கில் அவர்களுக்கென்று கடைசியாக இருந்த குடியிருப்பு 1969 இல் இல்லாமற் போனது.

என்னைத் தூங்கவிடாமற் செய்தது இன்னொரு செய்தி. 1929 யூலையில் தொத்துயா என்ற முதிய பெண் பள்ளத்தாக்குக்கு வந்தார். தெனாயாவின் பேத்தி, 1851 இல் துரத்தப்பட்டபோது சிறுமி. 78 ஆண்டுகளுக்குப் பின் வந்தவர் அழகை வியப்பார் என்று கூட வந்தவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவரோ புல்வெளியைப் பார்த்துத் தலையை ஆட்டி, ஊத்தையாகக் கிடக்கிறது, ஒரே பற்றையாகக் கிடக்கிறது என்றார்.

அவர் சொன்னது வெறும் முதுமைப் புலம்பல் அல்ல. அவானிச்சிகள் பள்ளத்தாக்கின் தரையில் அளவாகத் தீ வைத்து வந்தார்கள். பற்றைகள் எரிந்து ஓக் மரங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது, விழுந்த கொட்டை கண்ணுக்குத் தெரிந்தது, கூடை முடைவதற்கு நேரான இளந்தளிர்கள் முளைத்தன. முதலில் வந்த வெள்ளையர்கள் 'இயற்கையான பூங்கா' என்று மெச்சிய திறந்த வெளி அவர்கள் பராமரித்த தோட்டம். தீ நின்ற பிறகு ஊசியிலை மரங்கள் புல்வெளிக்குள் புகுந்தன. நாங்கள் 'கை படாத காடு' என்று படம் எடுத்ததில் பெரும்பகுதி, கூட்டாமல் விட்ட முற்றம். 1970களிலிருந்து பூங்கா நிர்வாகமே திட்டமிட்டுத் தீ வைக்கத் தொடங்கியது.

மறுநாள் தியோகா வீதியால் ஏறித் தெனாயா ஏரிக்குப் போனோம். 8,000 அடிக்கு மேலே தெளிந்த நீர். கரையெல்லாம் பனிப்பாறை தேய்த்து மெருகேற்றிய கருங்கல். வெயிலில் அது உண்மையாகவே மினுங்கியது. பழைய பெயரை மகளுக்குச் சொன்னேன். பிறகு சோற்றுப் பொதிகளைப் பிரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தொத்துயாவின் கதையைச் சொன்னேன்.

எங்கள் ஊர் மயிலிட்டி. 1990 இல் வெளிக்கிட்டபோது எனக்குப் பத்து வயது. 27 ஆண்டுகள் அந்தக் காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. 2017 இல் விடுவித்தபோது அம்மா தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பார்த்தார் என்று நான் விரிவாகக் கேட்டதில்லை. வேலை, ஒப்பந்தம், விடுமுறை கிடைக்காதது என்று காரணங்கள் இருந்தன.

"எங்கட வளவும் அப்பிடித்தான் கிடந்தது," என்றார் அம்மா. "ஒரே பத்தை. கிணத்தடியைக் கண்டுபிடிக்கவே ரெண்டு மணித்தியாலம்."

"பிறகு என்ன செய்தனீங்கள், அம்மம்மா?" என்று மகள் கேட்டாள்.

"என்ன செய்யிறது? ஒரு கத்தி வாங்கி முன்பக்கத்தை வெட்டினன். பின்னேரம் மட்டும் முற்றம் கூட்டினன்."

சற்று நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனிசி வந்து பாத்தது நல்லது, தம்பி. வராமல் விட்டிருந்தா, அது ஒருக்காக் கூட்டி வைச்ச இடமெண்டு ஆருக்குத் தெரியப் போகுது?"