தொலைதூர டிஎன்எஸ் வழிப்படுத்தல்

பக்கத்து நகரத்திலேயே சர்வர் இருந்தும், பயனரின் டிஎன்எஸ் வினவல் (இணையப் பெயருக்கு ஐபி முகவரி கேட்கும் கேள்வி) வெகுதூரத்திலுள்ள வேறொரு சர்வருக்குப் போய்ச் சேரும் கோளாறு இது. சென்னையிலிருந்து கேட்ட கேள்விக்குச் சிங்கப்பூரோ ஐரோப்பாவோ பதில் சொல்லும்.

கூகுளின் 8.8.8.8 (2009), குவாட்9-இன் 9.9.9.9 (2017), கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 (2018) ஆகிய பொதுச் சேவைகள் எனிகாஸ்ட் முறையில் இயங்குகின்றன. ஒரே ஐபி முகவரியைப் பல நகரங்களிலிருந்து அறிவிப்பார்கள். வினவல் எங்கே போக வேண்டும் என்பதை நெட்வொர்க்குகளுக்கு இடையே ஓடும் பிஜிபி நெறிமுறை முடிவு செய்யும். பிஜிபிக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. இணைய நிறுவனம் எந்த இணைப்புக்கு முன்னுரிமை தந்திருக்கிறது, வழியில் எத்தனை நெட்வொர்க்குகள் குறுக்கிடுகின்றன என்பவற்றையே அது பார்க்கும். உள்ளூரில் இணைய நிறுவனமும் டிஎன்எஸ் சேவையும் நேரடியாக இணையாவிட்டால், வினவல் கடல் தாண்டிப் போவதில் வியப்பில்லை.

இதன் பாதிப்பு டிஎன்எஸ்ஸோடு நிற்பதில்லை. பெயருக்கான பதில் ஒருமுறை வந்துவிட்டால் கேஷில் தங்கிவிடும். அந்தத் தாமதம் பெரிதல்ல. ஆனால் வீடியோ, படங்களை வழங்கும் சிடிஎன்களில் பல, டிஎன்எஸ் சர்வர் இருக்கும் இடத்தை வைத்தே பயனரின் இடத்தை ஊகிக்கின்றன. அப்போது வீடியோவும் தொலைவிலிருந்தே வரும். இதைத் தவிர்க்கப் பயனர் முகவரியின் ஒரு பகுதியையும் சேர்த்தனுப்பும் ஈசிஎஸ் நீட்டிப்பு (ஆர்எஃப்சி 7871, 2016) உண்டு. கூகுள் அதைப் பயன்படுத்துகிறது. கிளவுட்ஃப்ளேர் தனியுரிமை கருதித் தவிர்க்கிறது.

சோதிக்கும்போது பலர் முதலில் ஐபி இருப்பிடத் தளங்களைப் பார்க்கிறார்கள். எனிகாஸ்ட் முகவரிக்கு அவை பயன்படா: 8.8.8.8 எங்கிருந்து பதில் தந்தாலும் அமெரிக்கா என்றே காட்டக்கூடும். நம்பத் தகுந்தது பிங் நேரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. செல்வதால், போய்வர 5 மில்லிநொடி என்றால் சர்வர் 500 கி.மீ.க்கு அப்பால் இருக்கவே முடியாது. நேரம் கூடியதை மட்டும் வைத்துத் தூரம்தான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. வீட்டு வைஃபையே காரணமாக இருக்கலாம். எனவே முதலில் ரவுட்டருக்குப் பிங் செய்ய வேண்டும். அடுத்து, "ஐடி.சர்வர்" என்ற சிறப்பு வினவலை டிக் கருவியால் அனுப்பினால், கிளவுட்ஃப்ளேர் போன்ற சேவைகள் பதில் தரும் மையத்தின் விமான நிலையக் குறியீட்டைத் தரும்: சென்னை என்றால் எம்ஏஏ, சிங்கப்பூர் என்றால் எஸ்ஐஎன். எதிர்பாராத பதில் வந்தால், 53ஆம் போர்ட்டில் போகும் வினவல்களை இணைய நிறுவனமே இடைமறிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடைசியாக டிரேஸ்ரூட், பாதை எந்த இடத்தில் திசை மாறுகிறது என்று காட்டும்.

ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் வெவ்வேறு பாதையில் போகக்கூடும், 8.8.4.4, 1.0.0.1 போன்ற மாற்று முகவரிகளும் அப்படியே. அவற்றை முயன்று பார்க்கலாம். வேகம் மட்டுமே முக்கியம் என்றால் இணைய நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸ்ஸே பெரும்பாலும் போதும்.

பாதையைத் திருத்துவது பயனர் கையில் இல்லை. இணைய நிறுவனமும் டிஎன்எஸ் சேவையும்தான் செய்ய வேண்டும். "நெட் ஸ்லோ" என்று மட்டும் புகார் எழுதாமல், பிங் நேரம், மையத்தின் குறியீடு, இரு வகை ஐபிக்கும் எடுத்த டிரேஸ்ரூட், சோதித்த நேரம் ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள்.