சர்வர் பிடிக்காத சிகரெட்

ஹைதராபாத்தில் ஆர்.டி.சி. கிராஸ் ரோட்ஸ் பக்கம் குடியிருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு 'வி.எஸ்.டி.' என்ற பெயர் பழக்கம்தான். ஆட்டோக்காரரிடம் சொன்னால் போதும், கொண்டு போய் விட்டுவிடுவார். வசீர் சுல்தான் டொபாக்கோ என்பதன் சுருக்கம் அது. 1930-ல் தொடங்கிய கம்பெனி, சார்மினார் சிகரெட் செய்தவர்கள். ஊரின் அடையாளத்தையே சிகரெட் பெட்டிக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்! (நம் மதுரைக் கோபுரத்துக்கு இப்படி நடந்திருந்தால் சும்மா இருந்திருப்போமா?)

நான் இங்கே வந்த புதிதில் இரானி ஹோட்டலுக்குப் போனால் ஒரு சாய், இரண்டு உஸ்மானியா பிஸ்கெட், கூடவே பக்கத்து மேஜைப் புகை. நாம் அரை மணியில் எழுந்து வந்துவிடுவோம். காலை முதல் ராத்திரி வரை அதே புகைக்குள் தட்டு தூக்கும் சர்வர்?

இந்தக் கேள்விக்குத் தன் உடம்பையே சாட்சியாக வைத்தவர் ஹீதர் குரோ. கனடாவின் ஒட்டாவா நகரத்தில் சர்வர் வேலை பார்த்த அம்மா. நாற்பது வருட வேலை. வாழ்க்கையில் ஒரு சிகரெட் கூடப் பிடித்ததில்லை. 2002-ல் நுரையீரல் புற்றுநோய் என்றார்கள், ஆபரேஷன் செய்ய முடியாத நிலை. ஒட்டாவா உணவகங்களில் புகைக்கத் தடை வந்தது 2001-ல். அவருக்கு அது ரொம்பத் தாமதம்.

அடுத்தவர் விடும் புகை ஆபத்து என்பது அப்போது புதுச் செய்தி அல்ல. புகைக்காத மனைவிகளில், கணவர் நிறையப் புகைத்தால் இந்நோய் அதிகம் வருகிறது என்று ஜப்பானின் ஹிராயாமா 1981-லேயே எழுதிவிட்டார். ஆனால் புள்ளிவிவரத்துக்கு முகம் கிடையாதே! ஹீதர் அந்த முகமானார். வேலையால் வந்த நோய் என்று ஒன்டாரியோ மாகாண வாரியத்தை ஒப்புக்கொள்ள வைத்தார். டிவி விளம்பரத்தில் வந்தார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இப்படிச் சாகும் கடைசி ஆள் தானாக இருக்கவேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. 2006 மே 22 அன்று இறந்தார், வயது 61. மாகாணம் முழுவதற்குமான தடைச் சட்டம் மே 31 அன்று அமலுக்கு வந்தது. ஒன்பதே நாள்.

நம் பக்கம்? 1999-ல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைத் தடுத்தது. 2001-ல் உச்ச நீதிமன்றம் தந்த பட்டியலில் ஆஸ்பத்திரி, பள்ளி, நூலகம், ரயில் எல்லாம் உண்டு, ஹோட்டல் இல்லை. 2003 சட்டத்தில் ஹோட்டல் வந்தது, ஆனால் முப்பது இருக்கையோ அதற்கு மேலோ இருந்தால் புகைக்கத் தனி இடம் வைக்கலாம் என்று ஒரு சந்து விட்டார்கள். 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் கடுமையாயின. அந்தத் தனி இடத்துக்குள் எதையும் பரிமாறக் கூடாது என்ற விதி வர 2017 ஆயிற்று. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி விதிதான், ஏனென்றால் அது சர்வருக்காக இருக்கிறது.

அடுத்த முறை அப்படி ஒரு கண்ணாடி அறையைப் பார்த்தால், உள்ளே தட்டோடு யாராவது நிற்கிறார்களா என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.